லைகோபோடியம்: ஆபத்தில்லாத ஒரு பொடியின் கதை

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் முதலாண்டு படித்தவர்கள் பலருக்கும் இந்தப் பொடி ஒரு முறையாவது கண்ணில் பட்டிருக்கும். ஃபிசிக்ஸ் லேபில் லேசரை வைத்துத் துகளின் அளவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. கண்ணாடித் தகட்டில் வெளிர் மஞ்சள் நிறப் பொடியை லேசாகத் தூவி லேசர் ஒளிக்குக் குறுக்கே வைத்தால், எதிரே உள்ள திரையில் வட்ட வட்டமாக ஒளி வளையங்கள் விழும். வளையத்தின் ஆரத்தை ஸ்கேலால் அளந்து, ஃபார்முலாவில் போட்டு, ரெக்கார்டில் எழுதி, கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. அந்தப் பொடி என்ன, எங்கிருந்து வந்தது என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. வைவாவில் கேட்டால்தானே யோசிக்க வேண்டும் :-)

அந்தப் பொடியின் பெயர் லைகோபோடியம். பக்கத்து அலமாரியில் இருக்கும் ஆசிட் பாட்டில்களோடு ஒப்பிட்டால் இது ரொம்ப சாது. கையில் பட்டால் அரிக்காது, புகையாது, நாறாது, விஷமும் இல்லை. அதனால் இதை யாரும் பயந்து தொடுவதில்லை. ஆனால் இதன் வரலாற்றைப் புரட்டினால் ஒரு எஞ்சின், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஆபரேஷன் தியேட்டர் என்று எங்கெங்கோ போய் நிற்கிறது. கூடவே சில பெரிய வெடிவிபத்துகளின் காரணமும் புரிகிறது.

முதலில் பொடி எது என்று பார்த்துவிடலாம். குளிர்ப் பிரதேசக் காடுகளில் தரையோடு தரையாகப் படரும் ஒரு சின்னச் செடி. பார்க்கப் பாசி மாதிரி இருக்கும், ஆனால் பாசி அல்ல. பெரணிக்குத் தூரத்து உறவு. பூக்காது, காய்க்காது. பூவுக்குப் பதிலாக வித்துகளைக் காற்றில் விட்டு இனம் பெருக்கும். அந்த வித்துகளின் திரட்டுதான் பொடி. ஒவ்வொரு வித்தும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்குதான் இருக்கும். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு என்பதால்தான் லேசர் பரிசோதனையில் வளையங்கள் அவ்வளவு சுத்தமாக விழுகின்றன. வித்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய்ப் பசை. தண்ணீர் ஒட்டவே ஒட்டாது. ஒரு டம்ளர் தண்ணீரின் மேல் இந்தப் பொடியைத் தூவி விரலை உள்ளே விட்டு எடுத்தால், விரல் நனையாமல் வெளியே வரும். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளில் இது ஒரு பழைய வித்தை.

தண்ணீர் ஒட்டாத குணத்தால் மருந்துக் கடைக்காரர்கள் இதை விரும்பினார்கள். மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஐரோப்பாவில் இதைத்தான் மேலே தூவினார்கள். தோல் உரசிப் புண்ணான இடத்தில் பவுடராகவும் பூசினார்கள். ஆனால் ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயர் வேறு மாதிரி: 'சூனியக்காரியின் மாவு'. இங்கிலாந்தில் 'தாவர கந்தகம்' என்றார்கள். கந்தகத்துக்கும் இதற்கும் வேதியியல் உறவு எதுவும் கிடையாது. எரிவதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர்.

இங்கேதான் வேடிக்கை. இந்தப் பொடியைக் குவித்து வைத்துத் தீக்குச்சியைக் காட்டினால் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஓரத்தில் கருகும், கொஞ்சம் புகையும், அணைந்துவிடும். அதே பொடியை ஒரு சிட்டிகை எடுத்து மெழுகுவர்த்தியின் மேல் ஊதினால் 'பப்' என்று ஒரு பெரிய தீப்பந்து எழும். பழைய நாடக மேடைகளில் மின்னலுக்கும் பேய் பிசாசு வரும் காட்சிக்கும் இதைத்தான் ஊதினார்கள்.

காரணம் எளிது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 0.03 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 2000 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். பொருள் அதே, எடை அதே. குவியலாகக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் துகளுக்குக் காற்று கிடைப்பதில்லை. மிதக்கும்போது ஒவ்வொரு துகளையும் சுற்றி ஆக்சிஜன் இருக்கிறது. ஒன்று பற்றினால் அதன் சூடு அடுத்ததைப் பற்றவைக்கும், கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் எரிந்து முடிந்துவிடும். திறந்த வெளியில் நடந்தால் தீப்பந்து. மூடிய அறைக்குள் நடந்தால் வெடி. இதற்கு லைகோபோடியம்தான் வேண்டும் என்றில்லை. கோதுமை மாவு, சர்க்கரை, ஸ்டார்ச், மரத்தூள், நிலக்கரித் தூசி, ஏன், பால் பவுடர்கூடப் போதும். சமையலறையிலும் மளிகைக் கடையிலும் 'ஆபத்தில்லாதது' என்ற பட்டியலில் இருக்கும் பொருள்கள்தான் எல்லாமே.

இதைப் பற்றி எழுதப்பட்ட முதல் விரிவான விபத்துக் குறிப்பு இத்தாலியின் டூரின் நகரத்தைச் சேர்ந்தது. 1785 டிசம்பர் 14, மாலை நேரம். ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கில் ஒரு பையன் விளக்கு வெளிச்சத்தில் மாவை அள்ளிக்கொண்டிருந்தான். மாவுக் குவியல் திடீரென்று சரிந்தது. எழுந்த மாவுப் புழுதி விளக்கில் பட்டு வெடித்தது. பையனுக்கு முகத்திலும் கையிலும் தீக்காயம். ஜன்னல் சட்டங்கள் தெருவில் போய் விழுந்தன. மொரோட்சோ பிரபு என்பவர் இதை நேரில் விசாரித்து எழுதினார். அந்த ஆண்டு பல மாதங்களாக அந்தப் பக்கம் மழையே இல்லை, மாவு வழக்கத்தைவிட உலர்ந்திருந்தது என்பதையும் குறித்துவைத்தார். இருநூறு வருடங்களுக்கு மேல் ஆன பிறகும் இந்தக் குறிப்பில் திருத்த வேண்டியது அதிகம் இல்லை. புழுதி, காற்று, நெருப்பு, மூடிய அறை, உலர்ந்த மாவு... எல்லாம் அதிலேயே இருக்கிறது.

டூரினில் விபத்தாக நடந்ததைப் பிரான்சில் இரண்டு சகோதரர்கள் வேண்டுமென்றே செய்து பார்த்தார்கள். குளோட் நியெப்ஸ், நிசேஃபோர் நியெப்ஸ். ஒரு செப்புப் பெட்டிக்குள் லைகோபோடியம் பொடியை ஊதி, பற்றவைத்து, அந்த வெடிப்பின் விசையால் படகைத் தள்ளினார்கள். சோன் ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராகப் படகு நகர்ந்தது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வெடிப்புகள்தான், இன்றைய பைக் எஞ்சினோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் உள்ளெரி எஞ்சின் என்று சொல்லத்தக்கவற்றில் ஓடிக் காட்டிய ஆரம்பகால எஞ்சின் இது. 1807 ஜூலை 20 அன்று பத்தாண்டுக் காப்புரிமை கிடைத்தது. நெப்போலியன் கையெழுத்திட்டார்.

பிறகு ஏன் உலகம் லைகோபோடியத்தில் ஓடவில்லை? விலை! ஒரு சின்னச் செடியின் வித்தைச் சேகரித்துப் படகு ஓட்டினால் கட்டுப்படியாகுமா? சகோதரர்களும் புரிந்துகொண்டு நிலக்கரித் தூள், ரெசின் என்று மாற்றிப் பார்த்தார்கள். குளோட் அந்த எஞ்சினை விற்கும் ஆசையில் இங்கிலாந்து போய், குடும்பப் பணத்தையெல்லாம் கரைத்து, 1828ல் அங்கேயே இறந்தார். தம்பி நிசேஃபோர் வேறு பாதையில் போய், இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கேமரா படத்தை எடுத்தார். அவரைப் புகைப்படத்துக்காக உலகம் நினைவு வைத்திருக்கிறது. பொடி எஞ்சின் அடிக்குறிப்பாகிவிட்டது.

பொடியின் அடுத்த பெரிய வேலை நியூயார்க்கில். இதில் நெருப்பு கிடையாது. செஸ்டர் கார்ல்சன் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஆவணங்களை நகலெடுத்து நகலெடுத்துச் சலித்துப்போய், சுலபமாக நகலெடுக்க வழி தேடினார். 1938 அக்டோபர் 22 அன்று, ஆஸ்டோரியா என்ற பகுதியில் வாடகை அறை ஒன்றில், உதவியாளர் ஓட்டோ கோர்னியுடன் சேர்ந்து பரிசோதனை. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார்கள். தேதியும் 'ஆஸ்டோரியா' என்ற பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து விளக்கைக் காட்டினார்கள். பிறகு தகட்டின் மேல் லைகோபோடியம் பொடியைத் தூவி, மெல்ல ஊதினார்கள். வெளிச்சம் பட்ட இடத்துப் பொடி பறந்தது. எழுத்து இருந்த இடத்துப் பொடி ஒட்டிக்கொண்டது. மெழுகுத் தாளை வைத்து அழுத்திச் சூடாக்கினால், தாளில் எழுத்து!

உலகத்தின் முதல் ஜெராக்ஸ் காப்பி அதுதான். டோனருக்குப் பதில் நம்ம ஊர் லேபில் இருக்கும் அதே மஞ்சள் பொடி. கோர்னிக்கு இதில் நம்பிக்கை வரவில்லை, ஒப்பந்தத்தை ரத்து செய்துகொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார் (பிற்பாடு அவர் எப்படி வருத்தப்பட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்). இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கார்ல்சனைத் திருப்பி அனுப்பின. கடைசியில் ஹாலாய்டு என்ற சிறிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1959ல் 914 என்ற மெஷின் வந்தது, ஹாலாய்டு 'ஜெராக்ஸ்' ஆனது. பரீட்சைக்கு முந்தைய நாள் நோட்ஸ் காப்பி எடுக்க நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

இனி வருவது கொஞ்சம் சங்கடமான பகுதி. அறுவை சிகிச்சைக்கு ரப்பர் கையுறை வந்தபோது, கை சுலபமாக நுழைய உள்ளே ஏதாவது பொடி தேவைப்பட்டது. ஒட்டாது, நனையாது, விஷமில்லை... லைகோபோடியத்தைவிடப் பொருத்தம் எது? ஆனால் கையுறையிலிருந்து உதிர்ந்த பொடி நோயாளியின் வயிற்றுக்குள்ளும் போனது. உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்து, சுற்றிலும் கட்டி எழுப்பியது. 1930களில் மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்து எழுத ஆரம்பித்தார்கள். சரி என்று டால்கம் பவுடருக்கு மாறினார்கள். அதுவும் அதே தொல்லையைத் தந்தது. பிறகு மக்காச்சோள ஸ்டார்ச். அதிலும் ஒவ்வாமை, வீக்கம், குடல் ஒட்டிக்கொள்வது என்று புகார்கள் தொடர்ந்தன. கடைசியில் 2017 ஜனவரியில் அமெரிக்கா பொடி போட்ட மருத்துவக் கையுறைகளையே தடை செய்தது. ஏறத்தாழ எண்பது வருடம்! ஒவ்வொரு முறையும் 'இந்தப் பொடி பாதுகாப்பானது' என்றுதான் மாற்றினார்கள். தோலின் மேல் பாதுகாப்பானது என்பதும் வயிற்றுக்குள் பாதுகாப்பானது என்பதும் வேறு வேறு என்று ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் ஆனது. மூச்சுக்குள் போனாலும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஆணுறைத் தொழிற்சாலையில் இந்தப் பொடியோடு வேலை செய்தவர்களுக்கு ஆஸ்துமா வந்தது 1990களில் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

மீண்டும் நெருப்புக்கு. 1878ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் மிசிசிப்பி ஆற்றின் அருவியை வைத்து மாவு அரைத்துப் பணக்கார நகரமாக வளர்ந்துகொண்டிருந்தது. அங்கே இருந்ததிலேயே பெரியது வாஷ்பர்ன் ஏ மில். மே 2 அன்று மாலை பகல் ஷிஃப்ட் ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், இரவு ஷிஃப்டுக்கு 14 பேர் உள்ளே வந்திருந்தார்கள். சுமார் ஏழு மணிக்கு மில் வெடித்தது. 14 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. தீ பரவி பக்கத்து மில்களும் போயின, அங்கே இன்னும் 4 பேர். நகரத்தின் மாவு அரைக்கும் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இரவில் காணாமல் போனது. திரிகைக் கற்கள் தானியமில்லாமல் ஒன்றோடொன்று உரசியதில் பொறி கிளம்பியிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள்.

மாவு வெடிக்குமா என்று அப்போது பலரும் நம்பவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பெக்கமும் பெக்கும் பரிசோதனை செய்து, காற்றில் கலந்த மாவு வெடிக்கும் என்று நிரூபித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பாராட்ட வேண்டும். உரிமையாளர் வாஷ்பர்ன் 1880ல் மில்லைத் திரும்பக் கட்டியபோது, தூசியை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்போடு கட்டினார். கல்லுக்குப் பதில் உருளைகள் வந்தன. அது செலவு பிடித்த வேலைதான், ஆனால் லாபத்தையும் கொடுத்தது. அந்த நிறுவனம்தான் பின்னாளில் ஜெனரல் மில்ஸ். மில்லின் இடிபாட்டுக்குள் இன்று ஒரு மியூசியம் இருக்கிறது.

பாடம் அத்துடன் படிக்கப்பட்டுவிட்டது என்று நினைத்தால் தவறு. 2008 பிப்ரவரி 7, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், போர்ட் வென்ட்வொர்த். இம்பீரியல் சுகர் நிறுவனத்தின் சர்க்கரை ஆலை. 1917 முதல் ஓடிய ஆலை அது. சேமிப்புக் கோபுரங்களுக்கு அடியில் சர்க்கரையைக் கொண்டு போகும் இரும்பு பெல்ட் ஒன்று இருந்தது. திறந்தே கிடந்தவரை அதன் தூசி அந்தப் பெரிய இடத்தில் கலைந்துவிடும். சர்க்கரையில் அழுக்கு விழக்கூடாது என்று 2007ல் அதைச் சுற்றித் தகடு அடித்து மூடினார்கள். சுத்தத்துக்காகச் செய்தது! உள்ளே தூசி வெளியேற வழி வைக்கவில்லை. மூடிய பெட்டிக்குள் தூசி சேர்ந்தது. சூடேறிய ஒரு பேரிங் பற்றவைத்திருக்கலாம் என்பது விசாரணையின் முடிவு.

முதல் வெடி சின்னதுதான். ஆனால் அந்த அதிர்ச்சியில் ஆலை முழுக்கத் தரையிலும், உத்தரங்களிலும், மெஷின்களின் மேலும் படிந்து கிடந்த சர்க்கரைத் தூசி எல்லாம் கிளம்பிக் காற்றில் எழுந்தது. பின்னாலேயே வந்த தீ அதைப் பற்றவைத்தது. அது கிளப்பிய தூசி அடுத்த வெடிக்கு... இப்படி மாடி மாடியாகப் பரவியது. 14 பேர் இறந்தார்கள், 36 பேருக்குக் காயம். அபராதமாக 2010ல் அறுபது லட்சம் டாலர் அளவில் கட்ட ஒப்புக்கொண்டார்கள். தினமும் தூசியைத் துடைக்க ஆள் வைப்பது கணக்குப் புத்தகத்தில் செலவாகத் தெரியும். துடைக்காமல் விட்டால் செலவு எங்கேயும் தெரியாது, வெடிக்கும் நாள்வரை.

இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்பே, 2006ல், அமெரிக்காவின் வேதி விபத்து விசாரணை வாரியம் ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தது. 1980 முதல் 2005 வரை 281 தூசித் தீ, வெடி விபத்துகள்; 119 பேர் சாவு; 718 பேருக்குக் காயம். தனிச் சட்டம் வேண்டும் என்று வாரியம் கேட்டது. சர்க்கரை ஆலை வெடித்த பிறகு வேலை தொடங்கினார்கள். 2017ல் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

கையுறைக் கதையில் வந்த மக்காச்சோள ஸ்டார்ச் நினைவிருக்கிறதா? 2015 ஜூன் 27, தைவான். ஒரு வாட்டர் பார்க்கில் இசை நிகழ்ச்சி. தண்ணீர் வடித்த நீச்சல் குளத்துக்குள் கூட்டம். கலர் சேர்த்த ஸ்டார்ச் பொடியைக் கூட்டத்தின் மேல் அழுத்தத்தோடு பீய்ச்சினார்கள். சாப்பிடும் பொருள்தானே, என்ன ஆகிவிடும்? மேடையின் சூடான விளக்கில் பட்டுப் பற்றியது. 15 பேர் இறந்தார்கள், சுமார் 500 பேர் தீக்காயத்தோடு தப்பினார்கள். பெரும்பாலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள். திறந்த வெளியில் வெடிக்காது என்பது உண்மைதான், குளத்துக்குள் வெடிக்கவில்லை, எரிந்தது. வெறும் காலோடு, நீச்சல் உடையில் நின்றவர்களுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பயன்?

லேப் அலமாரிக்குத் திரும்பினால், அந்தச் சின்னப் பாட்டிலைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. ஒரு பரிசோதனைக்குத் தேவை ஒரு சிட்டிகைகூட இல்லை. மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், ஈரமில்லாத இடத்தில், பர்னருக்கும் ஹீட்டருக்கும் தள்ளி, பொட்டாசியம் பெர்மாங்கனேட், நைட்ரேட் போன்ற ஆக்சிஜனைத் தரும் ரசாயனங்களோடு சேர்க்காமல் வைத்தால் போதும். தூவும்போது முகத்துக்குக் கிட்டே வைத்துத் தட்டக்கூடாது. மிஞ்சிய பொடியை வாயால் ஊதி அனுப்புவதுதான் லேபில் எல்லோரும் செய்வது, செய்யவே கூடாததும் அதுதான். கொட்டிவிட்டால் துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கினால் எழும்பும். வெறும் தண்ணீர் ஊற்றினால் மேலே மிதந்து சிரிக்கும். கொஞ்சம் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் மோட்டாரில் பொறி வரும். ஆலைகளுக்கும் அளவு மட்டும்தான் வேறு: ஒரு பேப்பர் கிளிப்பின் கனத்துக்கு, அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர், தூசி பரவலாகப் படிந்தாலே சுத்தம் செய்தாக வேண்டும் என்பது அமெரிக்காவில் பலகாலமாகப் புழங்கும் அளவு.

இன்னொரு விஷயம். புதிதாக ஒரு மாவு, மருந்து, பிளாஸ்டிக் தூள் எவ்வளவு வேகமாக வெடிக்கும் என்று சோதிக்க உருண்டையான இரும்புக் கலங்கள் இருக்கின்றன. அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, வெடிக்கும் குணம் நன்றாகத் தெரிந்த, எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ஒரு பொடி தேவை. அதற்கு நெடுங்காலமாகப் பயன்படுத்திய பொடிகளில் ஒன்று, லேசருக்குக் குறுக்கே தூவும் இதே லைகோபோடியம்தான்.